ஸ்டவ் வாஷரும் எஸ்.எல்.ஆரும்

டிசம்பரில் மாஹிம் தர்காவில் உரூஸ் தொடங்கிவிட்டால் தாராவிப் பிள்ளைகளுக்கு வீட்டில் கால் தரிக்காது. ராட்டினத்தையும் தின்பண்டத்தையும் தாண்டிப் போனால் பலூன் சுடும் கடைகள் இருக்கும். அந்தக் கடைத் துப்பாக்கிகளில் ஒன்றுகூட நேராகச் சுட்டதாக எனக்கு நினைவில்லை. முதல் மூன்று குண்டு பலகையில் போய் அப்பும். நாலாவதில் பையனுக்குப் புத்தி வரும். துப்பாக்கி வலப்பக்கம் இழுக்கிறது என்று கண்டுகொண்டு, பலூனுக்கு இரண்டு விரல் இடப்பக்கம் பார்த்து விசையை அமுக்குவான். பலூன் வெடிக்கும். தொடர்ந்து இரண்டு வெடித்தால் கடைக்காரர், "இது கொஞ்சம் ரிப்பேர்" என்று சொல்லி வேறு துப்பாக்கியைக் கையில் கொடுத்துவிடுவார்.

மும்பைத் தமிழர்களில் பெரும்பாலோருக்குத் துப்பாக்கிச் சிநேகம் அந்தக் கடையில் தொடங்கி அங்கேயே முடிந்துபோகிறது. செம்பூரில் எனக்குத் தெரிந்த ஒருவருக்கு முடியவில்லை. டிராம்பே பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றில் ஃபிட்டராக முப்பது வருஷம் இருந்து ஓய்வு பெற்றவர், திருநெல்வேலிச் சீமைக்காரர். எண்பதுகளில் ஒரு 'நேஷனல்' ஏர் ரைபிள் வாங்கினார். அதைச் செய்தது இந்தியன் ஹியூம் பைப் கம்பெனி. தண்ணீர்க் குழாய் செய்கிற கம்பெனிக்கு ஏர் ரைபிள் என்ன உறவு என்று கேட்டால், "ரெண்டும் குழாய்தானேய்யா" என்பார்.

அந்த ரைபிளின் உயிர் குழலில் இல்லை, அதன் பின்னால் இருக்கிற உருளையில் இருக்கிறது. குழலை மடித்தால் உள்ளே ஒரு கனத்த ஸ்பிரிங் அமுங்கிப் பூட்டிக்கொள்ளும். விசையை இழுத்ததும் ஸ்பிரிங் விடுபட்டு பிஸ்டனைத் தள்ளும், பிஸ்டன் காற்றை நசுக்கும், நசுங்கிய காற்று அரைக் கிராம் ஈயத்தை வெளியே துப்பும். பிஸ்டன் தலையில் ஒரு தோல் வாஷர் உண்டு. நம் அம்மாக்கள் பம்ப் ஸ்டவ்வில் தேங்காய் எண்ணெய் விட்டு மெத்தென்று ஆக்கிக்கொள்வார்களே, அதே சாதி வாஷர்தான். தோல் காய்ந்தால் காற்று கசியும், குண்டு பாதி வழியில் தளர்ந்து விழும். வாஷர் தேய்ந்தபோது அவர் தாராவிக்குப் போனார். தோல் பட்டறையில் இருந்த தம்பி, "ஸ்டவ்வுக்கா அண்ணாச்சி?" என்று கேட்டிருக்கிறான். "துப்பாக்கிக்குடே" என்றதும் கத்தி நின்றுவிட்டதாம். அப்புறம் விஷயத்தைக் கேட்டுச் சிரித்துவிட்டு எருமைத் தோலில் நாலு வட்டம் வெட்டிக் கொடுத்தானாம், காசு வாங்காமல்.

பிறகு அவருக்குத் தொலைநோக்கிக் கண்ணாடி வைக்கும் ஆசை வந்தது. கைக்கு எட்டுகிற விலையில் ஒரு சீன 'ஸ்கோப்' வாங்கிப் பொருத்தினார். சில வாரங்களில் உள்ளிருந்த சிலுவைக் கோடு சாய்ந்துபோயிற்று. வெடிமருந்துத் துப்பாக்கிக்குத் தாங்குகிற கண்ணாடி, இந்தக் காற்றுத் துப்பாக்கியில் ஏன் தாங்கவில்லை? அவர் அதையே ஒரு மாசம் யோசித்தார். வெடிமருந்துத் துப்பாக்கி பின்னால் மட்டும் உதைக்கும். ஸ்பிரிங் துப்பாக்கியோ முதலில் பின்னால் உதைத்து, பிஸ்டன் உருளையின் முனையில் மோதும்போது முன்னாலும் வெட்டி இழுக்கும். ஒரு திசை அடிக்கு மட்டும் கட்டப்பட்ட கண்ணாடிக்கு இந்த மறுதிசை அடிதான் எமன். அதோடு அந்த ஸ்கோப் நூறு கஜ தூரத்துக்குச் சரிபார்க்கப்பட்டது, பத்து மீட்டரில் கண்ணை லேசாக நகர்த்தினாலே குறியும் நகர்ந்துபோகும். அவர் முன்கண்ணாடியின் வளையத்தைத் தளர்த்தி, மரை மரையாகத் திருகி, ஒவ்வொரு திருகலுக்கும் ஐந்து குண்டு சுட்டு, ஒரு பழைய டைரியில் கணக்கு எழுதினார். அந்த டைரியைப் பார்த்திருக்கிறேன். மகள் கல்யாணச் செலவுக் கணக்குகூட அவ்வளவு சுத்தமாக எழுதப்பட்டதில்லை.

இதெல்லாம் சட்டத்துக்கு உட்பட்டதுதான். இங்கிருந்து ஒரு அடி எடுத்து வைத்தால் நிலைமை வேறு. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் துப்பாக்கி வைத்திருப்பதற்கு மட்டும் உரிமம் கேட்கவில்லை. ஐந்தாவது பிரிவு, செய்வதோடும் விற்பதோடும் சேர்த்து, மாற்றுவதையும் பழுதுபார்ப்பதையும் சோதிப்பதையும்கூட உரிமத்துக்குள் கட்டுகிறது. ஆறாவது பிரிவு, குழலைக் குட்டையாக்கவும் பொம்மைத் துப்பாக்கியை நிஜமாக்கவும் தனி உரிமம் கேட்கிறது. சத்தத்தையோ தீச்சுடரையோ குறைக்கிற துணைக்கருவியே சட்டத்தின் கண்ணுக்கு ஒரு துப்பாக்கி. ஒவ்வொரு இழுப்புக்கும் ஒரு குண்டாக, மேகசினிலிருந்து தானே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்கிற அரைத் தானியங்கி ரைபிளைச் சாதாரணக் குடிமகன் பார்க்க வேண்டுமென்றால் காவலர் தோளில் தொங்கும் எஸ்.எல்.ஆரில்தான் பார்க்க முடியும். 1962 சீனப் போருக்குப் பிறகு இஷாபூர் தொழிற்சாலையில் செய்யத் தொடங்கியது அது. மேகசினில் 20 தோட்டா. அதைப் பிரித்துப் பார்க்கும் பாக்கியம் ஆயுதக் கிடங்குக் காவலருக்கு உண்டு, செம்பூர் ஃபிட்டருக்கு இல்லை.

இந்தப் பூட்டு எங்கே அடிக்கப்பட்டது என்று தேடினால் அவருடைய சொந்தச் சீமைக்கே போய்ச் சேருகிறோம். 1799 அக்டோபரில் கயத்தாற்றில் கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட கையோடு மேஜர் பானர்மேன் பாளையக்காரர்களுக்கு ஓர் அறிவிப்பு விடுத்தான்: கோட்டைகளை இடிக்க வேண்டும், ஆயுதங்களை ஒப்படைக்க வேண்டும். அந்தச் சீமையிலிருந்து பிழைப்புத் தேடி வந்தவர்கள்தான் பின்னால் தாராவித் தோல் பதனிடும் தொழிலை வளர்த்தார்கள். அவர்கள் குடியேறிய மண்ணும் பீரங்கி வாசம் பட்ட மண்தான். தாராவியின் காலா கில்லா கோட்டையில் 1737இல் கவர்னர் ஜான் ஹார்ன் பெயர் பொறித்த கல் இருக்கிறது. பக்கத்து மாட்டுங்கா, பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பீரங்கிப் படையின் முகாமாக இருந்தது. இன்று அங்கே கிங்ஸ் சர்க்கிளில் ஃபில்டர் காப்பிக்கு வரிசை நிற்கிறது.

தெற்கில் பானர்மேன் செய்ததை 1857க்குப் பிறகு இந்தியா முழுவதும் செய்தார்கள். லிட்டன் பிரபு காலத்து 1878 ஆயுதச் சட்டத்தில் அது முழு வடிவம் பெற்றது. இந்தியனுக்கு உரிமம், ஐரோப்பியனுக்கு விலக்கு. 1918இல் கேடாவில் படைக்கு ஆள் சேர்த்தபோது காந்தியே இந்தச் சட்டத்தைக் கடுமையாகச் சாடி எழுதினார் என்பது, அகிம்சையை மட்டும் படித்து வளர்ந்த நமக்கு இன்றும் கொஞ்சம் உறுத்தலான செய்தி. என்னைக் கேட்டால், 1857 விதைத்த அச்சத்தின் மிகச் சரியான நினைவுச்சின்னம் எந்தக் கல்வெட்டும் இல்லை, ஒரு தோட்டாவின் அளவு. படையின் .303 தோட்டா பொதுமக்கள் கைக்குப் போகக் கூடாது என்பதற்காக, அதே லீ-என்ஃபீல்ட் ரைபிளை .315 என்ற வேறு அளவில் செய்து விற்றார்கள். வெள்ளைக்காரன் போன பிறகும் இஷாபூர் அந்த .315ஐயே உரிமக்காரர்களுக்காகச் செய்துகொண்டிருந்தது. உத்தரப் பிரதேசத்துப் பண்ணையார் தோளில் பெருமையோடு மாட்டித் திரிகிற ரைபிளின் குழல் அளவை முடிவு செய்தது சிப்பாய்க் கலவரப் பயம்.

சுதந்திரத்துக்கு முன் காங்கிரஸ் வேறு மாதிரி பேசியது. 1931 கராச்சித் தீர்மானத்தில், விதிமுறைக்கு உட்பட்டு ஆயுதம் வைத்திருக்கும் உரிமையும் ஓர் அடிப்படை உரிமையாக எழுதப்பட்டிருந்தது. 1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் எச்.வி. காமத் அதை நினைவுபடுத்தி ஒரு திருத்தம் கொண்டுவந்தார். அம்பேத்கர் ஏற்கவில்லை. அவருடைய வீடான ராஜகிருகம் மாட்டுங்காவுக்கு அடுத்த இந்து காலனியில்தான் இருக்கிறது. சாதி வெறி தீராத தேசத்தில் ஆயுதத்தை எல்லோருக்கும் உரிமையாக்கினால் அது முதலில் யார் கையில் போய்ச் சேரும் என்பதை அவரைவிடத் தெரிந்தவர் யார்? இந்தக் கடைசி வாக்கியம் என் ஊகம், சபைக் குறிப்பில் இல்லை. ஆனால் கீழ்வெண்மணியையும் அதற்குப் பின் வந்தவற்றையும் அறிந்த எந்தத் தமிழனும் காமத் பக்கம் நிற்பான் என்று எனக்குத் தோன்றவில்லை.

மும்பைக்காரனுக்கு வேறு நினைவுகளும் உண்டு. 1993இல் கடல் வழி வந்து இறங்கிய பெட்டிகளில் ஏ.கே.-56 ரைபிள்கள் இருந்தன. அதில் ஒன்றை வைத்திருந்த வழக்கில் ஒரு பிரபல இந்தி நடிகரின் தண்டனையை உச்ச நீதிமன்றம் 2013இல் ஐந்தாண்டாகக் குறைத்து உறுதிசெய்தது. 2008 நவம்பர் 26 இரவு சி.எஸ்.டி. நிலையத்தில் 50க்கும் மேற்பட்டவர்கள் செத்து விழுந்தபோது, எதிரே நின்ற ரயில்வே காவலர் சிலரிடம் இருந்தவை பழைய .303 ரைபிள்களும் தடிகளும்தான். சௌபாட்டியில் காவலர் துகாராம் ஓம்ப்ளே வெறும் கையால் பயங்கரவாதியின் ரைபிள் குழலைப் பற்றிக்கொண்டு தன் உடம்பில் குண்டுகளை வாங்கினார். சென்னை ரயிலுக்கு அந்த நிலையத்தில் ஒருமுறையாவது பெட்டி படுக்கையோடு காத்திருக்காத குடும்பம் மாட்டுங்காவிலோ தாராவியிலோ இருக்காது. தானாக ஏற்றிக்கொள்கிற துப்பாக்கியைப் பொழுதுபோக்கு என்று சொன்னால் எங்களுக்குக் காது கூசும்.

இந்த ஒரு விஷயத்தில் எனக்கு ஊசலாட்டம் இல்லை. 1996இல் போர்ட் ஆர்தரில் 35 பேர் கொல்லப்பட்ட சில வாரங்களிலேயே ஆஸ்திரேலியா அரைத் தானியங்கி ரைபிள்களுக்குக் கதவை அடைக்க முடிவெடுத்தது. 2019இல் கிறைஸ்ட்சர்ச் மசூதிகளில் 51 பேர் இறந்த பின் நியூசிலாந்தும் அடைத்தது. அமெரிக்கா 1994இல் பத்துக் குண்டுக்கு மேற்பட்ட மேகசின்களுக்குப் போட்ட தடையைப் பத்து வருஷத்தில் காலாவதியாக விட்டது. நாம் அந்தக் கதவைப் பரவலாகத் திறந்ததே இல்லை. திறக்க வேண்டாம்.

ஆனால் கதவோடு சேர்த்து ஜன்னல்களையும் அடைத்துவிட்டோம் என்பதுதான் என் வழக்கு. 1878இன் அச்சம் துப்பாக்கியைவிடத் துப்பாக்கி தெரிந்த கையைக் கண்டு அதிகம் பயந்தது. சுதந்திர இந்தியா அந்த இன விலக்கைத் தொடரவில்லை, கையின் மேல் இருந்த சந்தேகத்தை அப்படியே வைத்துக்கொண்டது. முங்கேரைப் பாருங்கள். 1760களில் மீர் காசிம் அங்கே ஆயுதப் பட்டறை வைத்த நாளிலிருந்து தலைமுறை தலைமுறையாக வந்த கைத்திறன் இன்று பாதி உரிமப் பட்டறைகளில் வேலையின்றியும் மீதி கள்ளத் துப்பாக்கியிலுமாகக் கிடக்கிறது. 2019 திருத்தம் ஓர் உரிமக்காரர் வைத்திருக்கலாம் என்ற மூன்று துப்பாக்கியை இரண்டாகக் குறைத்தது, தண்டனைகளைக் கூட்டியது. அந்தக் கைகளுக்கு என்ன வேலை கொடுப்பது என்று ஒரு வரி இல்லை.

அந்தக் கை நுணுக்கம் இல்லாமல் துப்பாக்கி சுடும் போட்டியில் ஜெயிக்கவும் முடியாது. பத்து மீட்டர் ஏர் ரைபிளில் நடுப்புள்ளியின் குறுக்களவு அரை மில்லிமீட்டர். ரைபிள் ஐந்தரைக் கிலோவுக்கு மேல் போகக் கூடாது, குறிபார்க்கும் துளைக்கு லென்சு கூடாது. மற்றபடி கட்டையின் உயரம், கன்னம் பதியும் இடம், விசையின் கனம், எந்தக் குழலுக்கு எந்தத் தொகுதிக் குண்டு ஒத்துவருகிறது என்பதெல்லாம் சுடுபவரின் ஆராய்ச்சி. 2008இல் பெய்ஜிங்கில் இறுதிச் சுற்றுக்கு முன் அபினவ் பிந்த்ரா சோதனைக்குச் சுட்ட முதல் குண்டு வெகுதூரம் விலகிப் போயிற்று. குறியமைப்பு கலைந்திருந்தது. சில நிமிடத்தில் திருகித் திருகிச் சரிசெய்து தங்கம் வாங்கினார். பலூன் கடைப் பையன் செய்வதும் அதைத்தானே, கொஞ்சம் மலிவாக! வொர்லி சுடுதளத்தில் பயின்ற அஞ்சலி பாகவத் 2000 சிட்னி இறுதிச் சுற்றுக்குப் போனார். சென்னையில் பிறந்த ககன் நாரங் 2012 லண்டனில் வெண்கலம் வாங்கினார். இவர்கள் கையிலிருந்தது எல்லாம் ஐரோப்பிய ரைபிள். நம்முடைய அம்பர்நாத்தில் அரசு ஆயுதத் தொழிற்சாலையும் இருக்கிறது, ஆழ்துளை இயந்திரங்கள் செய்கிற பிரெசிஹோல் போன்ற தனியார் நிறுவனமும் இருக்கிறது. பிரெசிஹோல்காரர்கள் ஏர் ரைபிள் செய்து விற்கத் தொடங்கியது எனக்கு நல்ல சகுனமாகப் படுகிறது.

ஏர் ரைபிளுக்கு அரசு வகுத்த எல்லை காலத்தோடு மாறிய விதமும் வேடிக்கை. 1962இல் அது ஒரு பலகை: ஐந்தடி தூரத்தில் வைத்த ஒரு அங்குல பைன் பலகையைக் குண்டு துளைத்துப் போகக் கூடாது. 2016 விதிகளில் அது கணக்கு: 4.5 மில்லிமீட்டர் குழல், 20 ஜூல் ஆற்றல், இவற்றுக்கு மேல் போனால் உரிமம். அறிவுள்ள ஏற்பாடு. இதே அறிவை இன்னும் ஒரு படி நீட்டி, வொர்லி மாதிரி ஒவ்வொரு சுடுதளத்திலும் பயிற்சியாளர் கண்ணெதிரே ஒரு வேலை மேசை, ஒரு வைஸ், ஒரு திருப்புளிப் பெட்டி, கழற்றிப் பூட்டிக் கற்க நாலு பழைய ரைபிள் வைத்தால் என்ன கெட்டுவிடும்? மாட்டுங்கா வி.ஜே.டி.ஐ.யில் மெக்கானிக்கல் படிக்கிற பிள்ளை ஓர் ஏர் ரைபிளின் விசையமைப்பை வடிவமைத்துப் பார்க்க அதைவிடப் பாதுகாப்பான இடம் எது?

போன தீபாவளிக்குச் செம்பூர்க்காரர் வீட்டுக்குப் போயிருந்தேன். ஹூஸ்டனிலிருந்து மருமகன் வீடியோவில் வந்தார். சாப்பாட்டு மேசை மேல் ஏ.ஆர்.-15 ஒன்று பாகம் பாகமாகப் பரத்தியிருந்தது. கீழ்க்கூடு ஒன்றைத்தான் அங்கே சட்டம் துப்பாக்கி என்று எண்ணுகிறதாம், குழலும் கண்ணாடியும் மேகசினும் தபாலில் வீட்டுக்கே வந்துவிடுமாம். மாமியார், "மேசையிலேர்ந்து அத எடுங்க மாப்பிள்ள, புள்ள நடமாடுற வீடு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். மாமனார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஃபோனைக் கிட்டத்தில் இழுத்தார். ஒன்றும் பேசாமல் வெகுநேரம் பார்த்தார்.

"அந்த மேகசின மட்டும் கொஞ்சம் திருப்பிக் காட்டுங்க. உள்ளார ஸ்பிரிங் எத்தன சுத்து?"

மருமகன் எண்ணிச் சொன்னார். மாமனார் டைரியை எடுத்து, பழைய ஐந்து குண்டுக் கணக்குகளுக்குக் கீழே அந்த எண்ணை எழுதிக்கொண்டார்.