மார்புக் கட்டியும் எம்.ஆர்.ஐ. ஸ்கேனும்



குளிக்கும்போது மார்பில் ஏதோ ஒரு கட்டி கையில் தட்டுப்படுகிறது. வலி இல்லை. உம்மாவிடம் சொல்வதா, கணவரிடம் சொல்வதா என்ற தயக்கத்திலேயே இரண்டு மாதம் போய்விடுகிறது. கடைசியில் ராத்தாவின் காதில் போட்டால், "சின்னச் சின்ன டெஸ்ட் எல்லாம் எதற்கு? கண்டிக்குப் போய் எம்.ஆர்.ஐ. எடுத்தால் எல்லாம் தெரிந்துவிடும். ஊசி மட்டும் குத்த விடாதே, குத்தினால் பரவிவிடும்" என்கிறார். அந்த ஸ்கேனுக்குப் பணம் சேர்க்க இன்னும் இரண்டு மாதம்!

இலங்கைப் பெண்களுக்கு வரும் புற்றுநோய்களில் முதலிடம் மார்பகப் புற்றுநோய்க்குத்தான். ஆகவே இந்த நான்கு மாதம் சாதாரண விஷயமல்ல. எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எதற்கு உதவும், எதற்கு உதவாது என்பதை இம்மாதம் பார்ப்போம்.

படிப்படியாகத்தான் ஏற வேண்டும்

சீகிரியாக் குன்றில் ஏறுபவர்கள் முதலில் நீர்ப் பூங்காவைக் கடக்கிறார்கள். பிறகு படிகள், பிறகு கண்ணாடிச் சுவர். அதன் பிறகுதான் சிங்கப் பாதம் வருகிறது. எடுத்த எடுப்பில் சிங்கப் பாதத்தில் போய் நிற்க யாராலும் முடியாது. மார்புக் கட்டிக்கான பரிசோதனையும் இப்படித்தான்.

முதற்படி, வைத்தியர் கையால் தொட்டுப் பார்ப்பது. இரண்டாவது, படம் எடுத்துப் பார்ப்பது. இளம் பெண்களின் மார்பில் சுரப்பித் தசை அடர்த்தியாக இருப்பதால், முதலில் அல்ட்ரா சவுண்ட் ஸ்கேன் எடுப்பார்கள். நாற்பதை எட்டியவர்களுக்கு மெமோகிராமும் எடுப்பார்கள். மூன்றாவது, சந்தேகம் இருந்தால் ஊசியால் சிறு துண்டுச் சதை எடுத்து ஆய்வுகூடத்தில் பார்ப்பது. இதைத்தான் பயாப்ஸி என்கிறோம். பெரும்பாலான கட்டிகள் புற்றுநோய் அல்ல என்ற நல்ல செய்தியும் இந்த மூன்று படிகளுக்குள்ளேயே கிடைத்துவிடும். நம் நாட்டு அரசாங்க ஆஸ்பத்திரிகளில் இவற்றுக்குக் கட்டணமும் இல்லை.

எம்.ஆர்.ஐ. எப்படி வேலை செய்கிறது?

இதில் எக்ஸ்ரே கதிர் கிடையாது. பெரிய காந்தமும் ரேடியோ அலைகளும்தான். நம் உடம்பின் நீரிலும் கொழுப்பிலும் உள்ள ஹைட்ரஜன் அணுக்கள் தரும் சிறு சமிக்ஞைகளைக் கம்ப்யூட்டர் படமாக்கித் தருகிறது. இந்த முறைக்கு வழிகாட்டிய அமெரிக்காவின் பால் லாட்டர்பர், இங்கிலாந்தின் பீட்டர் மேன்ஸ்பீல்ட் ஆகிய இருவருக்கும் 2003-ல் நோபல் பரிசு கிடைத்தது.

மார்பகத்தைப் பார்க்கும்போது, கை நரம்பு வழியாக கெடோலினியம் என்ற மருந்தை ஏற்றுவார்கள். புற்றுக்கட்டி தனக்கென்று புதிய இரத்தக் குழாய்களை உண்டாக்கிக்கொள்ளும். அவை ஒழுகும் குழாய்கள். ஆகவே மருந்து அங்கே வேகமாகப் புகுந்து, பல சமயம் வேகமாகவே வெளியேறும். சாதாரணக் கட்டிகளில் பெரும்பாலும் மெதுவாக ஏறும். இந்த வேறுபாட்டையும் கட்டியின் வடிவத்தையும் வைத்தே வைத்தியர்கள் கணிக்கிறார்கள்.

ஆனால் கணிப்பு வேறு, முடிவு வேறு. தீங்கில்லாத சில கட்டிகளும் படத்தில் புற்றைப் போலவே பளிச்சென்று தெரியும். மாதவிடாய்ச் சுழற்சியின் ஹோர்மோன் மாற்றத்தால் நல்ல தசைகூட ஒளிரும். நெதர்லாந்தில், குடும்ப வழியாக ஆபத்து அதிகமுள்ள 1,909 பெண்களைத் தொடர்ந்து பரிசோதித்து 2004-ல் முடிவை வெளியிட்டார்கள். பரவும் தன்மையுள்ள புற்றுகளில் மெமோகிராம் மூன்றில் ஒரு பங்கைத்தான் கண்டது. எம்.ஆர்.ஐ. 100-க்கு 80 அளவில் கண்டது. ஆனால் நோய் இல்லாதவர்களுக்கு எடுத்த ஸ்கேன்களில் 100-க்கு 10 அளவில் வீண் சந்தேகத்தையும் கிளப்பியது. எம்.ஆர்.ஐ.யின் கண் கூர்மையானது. கூர்மையான கண் சில நேரம் இல்லாததையும் காணும்!

ஸ்கேன் சுத்தம் என்றால் ஊசி வேண்டாமா?

வேண்டும். மெமோகிராமில் உப்புத் தூளைப் போலத் தெரியும் மிகச் சிறிய சுண்ணாம்புப் புள்ளிகள் சில வேளை புற்றின் ஆரம்ப அடையாளமாக இருக்கும். எம்.ஆர்.ஐ.யில் அந்தப் புள்ளிகள் தெரிவதில்லை. மெமோகிராம், அல்ட்ரா சவுண்ட் அறிக்கைகளில் ‘பைராட்ஸ்’ என்ற எண் போட்டிருக்கும். அது 4 அல்லது 5 என்றால் பயாப்ஸி செய்ய வேண்டும் என்று பொருள். பிறகு எடுத்த எம்.ஆர்.ஐ. நன்றாக இருந்தாலும் அந்தத் தேவை நீங்காது.

ஊசி குத்தினால் நோய் பரவி ஆயுள் குறையும் என்ற பேச்சுக்கு ஆதாரம் இல்லை. மரத்துப்போக மருந்து போட்டுவிட்டே சதை எடுப்பார்கள். எந்த வகைப் புற்று, எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்பதையும் அந்தச் சிறு துண்டுதான் சொல்லும். எந்த ஸ்கேனும் அதைச் சொல்லாது.

அப்படியானால் எம்.ஆர்.ஐ. யாருக்கு?

* அக்குளில் புற்று நெறி கட்டியிருந்து, மார்பில் மூலக்கட்டி மற்றப் பரிசோதனைகளில் அகப்படாதவர்களுக்கு.
* புற்று உறுதியாகி, அது எவ்வளவு தூரம் பரந்திருக்கிறது என்பது தெளிவாகாதவர்களுக்கு.
* ஒப்பரேஷனுக்கு முன் மருந்து ஏற்றுபவர்களுக்கு, கட்டி சுருங்குகிறதா என்று பார்க்க.
* முன்பு ஒப்பரேஷன் செய்த இடத்தில் இருப்பது தழும்பா, மீண்டும் வந்த நோயா என்று அறிய.
* பி.ஆர்.சி.ஏ. என்ற பரம்பரை மரபணுக் கோளாறு உள்ளவர்களுக்கு, வருடாந்தப் பரிசோதனையாக.

புற்று உறுதியான எல்லோருக்கும் இது கட்டாயமும் அல்ல. பிரிட்டனில் 1,623 பெண்களை வைத்துச் செய்து 2010-ல் வெளியான ஆய்வில், எம்.ஆர்.ஐ. எடுத்தவர்களிலும் எடுக்காதவர்களிலும் 100-க்கு 19 பேருக்கு மறுபடி ஒப்பரேஷன் தேவைப்பட்டது. ஆகவே டாக்டர் எழுதித் தந்தால், "இதிலிருந்து எந்தக் கேள்விக்குப் பதில் தேடுகிறீர்கள்?" என்று கேளுங்கள். டாக்டர் சொல்லாமல் நீங்களாகவே காப்பை அடகு வைத்து ஓட வேண்டாம்.

எடுக்க நேர்ந்தால்…

மாதவிடாய் நிற்காதவர்கள், மாதவிடாய் தொடங்கிய 7-ஆம் நாளிலிருந்து 14-ஆம் நாளுக்குள் எடுப்பது நல்லது. படம் தெளிவாக இருக்கும். ஆனால் புற்று உறுதியாகிவிட்டால் இதற்காகக் காத்திருக்கத் தேவையில்லை. கர்ப்பமாக இருந்தால், சிறுநீரக நோய் இருந்தால், இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்திருந்தால், பால் கொடுப்பவராக இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

காந்தம் உலோகத்தை இழுக்கும். ஸ்கார்ப் பின், அபாயா ஊக்கு, காப்பு, காதணி, உலோகக் கூட்டில் அடைத்த தாயத்து எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். பின் இல்லாத பருத்தித் துணியால் தலையை மூடிக்கொள்ளலாமா என்று கேட்டுப் பாருங்கள். படுக்கையில் இரு குழிகள் இருக்கும். மார்பு அவற்றுள் அமையும்படி குப்புறப் படுக்க வேண்டும். சுமார் அரை மணி நேரம் அசையக் கூடாது. சத்தம் பலமாக இருக்கும். காதை மூடத் தருவார்கள். பயமாக இருந்தால் அழுத்திக் கூப்பிட ஒரு பந்தும் கையில் இருக்கும்.

பெண் ஊழியர் வேண்டும் என்று முன்பே கேட்பதில் தவறில்லை. ஆனால் பெண் வைத்தியர் கிடைக்கவில்லை என்பதற்காகப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். நோய்க்கு மருந்து தேடும் அவசியத்தை மார்க்கம் தடுக்கவில்லை.

முதலில் போக வேண்டிய இடம்

சீகிரியாப் பகுதிச் சகோதரிக்குக் கண்டியும் கொழும்பும் முதற்படி அல்ல. இனாமலுவைச் சந்தியைத் தாண்டினால் தம்புள்ளை ஆஸ்பத்திரி. அங்கிருந்து தேவைக்கேற்ப மாத்தளைக்கோ, கண்டிக்கோ, மஹரகமவில் உள்ள அபேக்ஷா புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கோ கடிதம் கொடுத்து அனுப்புவார்கள்.

கட்டி எதுவும் இல்லாதவர்களுக்கு, சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகங்களின் ஊடாக 1996 முதல் நடக்கும் ‘வெல் வுமன்’ கிளினிக் இருக்கிறது. சிங்களத்தில் ‘சுவநாரி’ என்பார்கள். 35 வயது ஆனதும் அங்கே போய் மார்பைக் காட்டுங்கள். நாளும் நேரமும் உங்கள் பகுதி மருத்துவ மாதுவிடம் கேட்டால் தெரியும்.

கட்டி, தோல் குழிதல், முலைக்காம்பு உள்ளிழுத்தல், அதிலிருந்து இரத்தம் கசிதல், அக்குளில் நெறி - இவற்றில் ஒன்றைக் கண்டால் கிளினிக் நாளுக்குக்கூடக் காத்திருக்க வேண்டாம். அந்த வாரமே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கணவன்மாரும் பிள்ளைகளும் இதைப் படித்தால், கூடத் துணைக்குப் போய் வாருங்கள்.