ஜெர்மனியில் படிப்பு ஃப்ரீ... அப்புறம் எதுக்கு 12 லட்சம்? கடன் வாங்கும் முன் பார்க்க வேண்டிய கணக்கு

"ஜெர்மனில ஃபீஸே கிடையாதாம்..." இன்ஜினீயரிங் கடைசி வருஷப் பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் இப்போது அடிக்கடி கேட்கும் பேச்சு இது. பேச்சில் பொய் இல்லை. ஆனால் விசா வாங்க வேண்டுமென்றால் 11,904 யூரோவைக் காட்ட வேண்டும். ஒரு யூரோ 100 ரூபாய் என்று வைத்தாலே கிட்டத்தட்ட 12 லட்சம். ஃபீஸ் இல்லாத படிப்புக்கு எதற்கு இவ்வளவு பணம்? அது யார் கைக்குப் போகிறது?

ஏன் எல்லோரும் ஜெர்மனி பக்கம்?

மற்ற கதவுகள் ஒவ்வொன்றாக இறுகியதுதான் காரணம். கனடா 2024-ல் மாணவர் பெர்மிட்டுகளுக்கு உச்சவரம்பு வைத்தது. இந்தியர்களுக்கு வேகமாக விசா தந்த எஸ்டிஎஸ் முறையையும் அதே ஆண்டு நவம்பரில் நிறுத்தியது. பிரிட்டனில் பெரும்பாலான முதுகலை மாணவர்கள் 2024 ஜனவரியிலிருந்து குடும்பத்தைக் கூட்டிப்போக முடியாது. ஆஸ்திரேலியா விசா கட்டணத்தை 2025 ஜூலையில் 2,000 ஆஸ்திரேலிய டாலராக ஏற்றியது. இந்தப் பக்கம், 2023-24 கல்வியாண்டிலேயே ஜெர்மனியில் 49,000-க்கும் அதிகமான இந்தியர்கள் படித்தார்கள். அங்குள்ள வெளிநாட்டு மாணவர்களில் இந்தியர்களுக்குத்தான் முதலிடம்.

எல்லா இடத்திலும் ஃப்ரீயா?

இல்லை. அரசுப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலானவற்றில் ஃபீஸ் கிடையாது, செமஸ்டருக்கு ஒரு சிறு தொகை மட்டும் கட்டினால் போதும். ஆனால் ஸ்டுட்கார்ட், கார்ல்ஸ்ரூ, ஹைடெல்பெர்க் எல்லாம் இருக்கும் பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில், ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் மாணவர்கள் 2017 முதல் செமஸ்டருக்கு 1,500 யூரோ கட்டுகிறார்கள். மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2024-ல் கட்டணத்தைக் கொண்டுவந்துவிட்டது. அங்கே மாஸ்டர்ஸ் படிக்க செமஸ்டருக்கு 4,000 முதல் 6,000 யூரோ. தனியார் பல்கலைக்கழகம் என்றால் கணக்கே வேறு.

சரி, அந்த 12 லட்சம் என்ன?

அதன் பெயர் பிளாக்டு அக்கவுண்ட். ஃபீஸும் இல்லை, டெபாசிட்டும் இல்லை. மாணவரின் சொந்தப் பணம்தான். ஒரு வருஷம் சாப்பிட, தங்க, இன்சூரன்ஸ் கட்ட கையில் காசு இருக்கிறது என்பதற்கான ஆதாரமாக ஜெர்மனி அதைக் கேட்கிறது. முழுத் தொகையையும் முன்கூட்டியே போட்டுப் பூட்டி வைக்க வேண்டும். அங்கே போய் சாதாரண வங்கிக் கணக்கு திறந்த பிறகு மாதம் 992 யூரோ வீதம் வெளியே வரும். 2024 செப்டம்பருக்கு முன்பு இது மாதம் 934 யூரோவாக இருந்தது.

பல குடும்பங்கள் தடுமாறும் இடம் இதுதான். நம்மூர் வங்கியின் கல்விக் கடன் ஒப்புதல் கடிதத்தைக் காட்டினால் மட்டும் போதாது, அப்பா பெயரில் இருக்கும் ஃபிக்ஸட் டெபாசிட்டும் எடுபடாது. பணமே அந்தக் கணக்கில் இருக்க வேண்டும். ஸ்காலர்ஷிப் கிடைத்தவர்களுக்கும், செலவை ஏற்பதாக ஜெர்மனியில் வசிக்கும் ஒருவர் சட்டப்படி எழுதித் தந்தவர்களுக்கும் இது தேவையில்லை. கடன் வாங்குபவர்கள் மேனேஜரிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி: "விசாவுக்கு முன்னாடியே பிளாக்டு அக்கவுண்டுக்குப் பணம் அனுப்புவீங்களா?" முடியாது என்றால் அந்தக் கடனால் விசாவுக்குப் பிரயோஜனம் இல்லை.

இரண்டாம் வருஷம் யார் கணக்கு?

இதை யாரும் சத்தமாகச் சொல்வதில்லை. மாஸ்டர்ஸ் இரண்டு வருஷம். ரெசிடென்ஸ் பெர்மிட்டைப் புதுப்பிக்கும்போது, அடுத்து வரும் காலத்துக்குப் பணம் இருக்கிறது என்று மறுபடியும் காட்ட வேண்டும். ஆக, வீட்டில் பேச வேண்டிய தொகை 12 லட்சம் இல்லை, 24 லட்சம். ஒரு பேப்பர் போய் தீசிஸ் தள்ளிப்போனால் இன்னும் கூடும்.

"பார்ட் டைம் வேலை பார்த்துச் சமாளிச்சிக்கலாம்" என்பது வழக்கமான பதில். பாதி உண்மை. 2024 மார்ச் முதல் வருஷத்துக்கு 140 முழு நாட்கள் அல்லது 280 அரை நாட்கள் வேலை பார்க்க அனுமதி உண்டு. குறைந்தபட்சக் கூலி 2026 ஜனவரி முதல் மணிக்கு 13.90 யூரோ. கணக்குப் போட்டால் நன்றாகத்தான் வருகிறது. ஆனால் வேலை கிடைக்க வேண்டுமே! படிப்பு ஆங்கிலத்தில் இருக்கலாம். கடை முதலாளியும் கஸ்டமரும் பேசுவது ஜெர்மன். பி1 அளவுக்காவது மொழி தெரிந்தால்தான் முதல் ஆறு மாதத்தில் வாய்ப்பு. இங்கிருந்து கிளம்பும் முன் படிக்கும் ஜெர்மன் வகுப்புதான், என் பார்வையில், இந்தத் தயாரிப்பிலேயே அதிக லாபம் தரும் செலவு.

செலவுப் பக்கம் பாருங்கள். மியூனிக் போன்ற நகரத்தில் ஷேரிங்கில் ஒரு அறைக்கே மாதம் 700, 800 யூரோ போய்விடும். மாணவர்களுக்கான அரசு ஹெல்த் இன்சூரன்ஸ் 140 யூரோவுக்கு மேல், அந்தச் சலுகை விலையும் 30 வயது வரைதான். இதற்கு மேல் ஒவ்வொரு வீடும் மாதம் 18.36 யூரோ டிவி-ரேடியோ கட்டணம் கட்ட வேண்டும். வீட்டில் டிவியே இல்லாவிட்டாலும்! 992 யூரோவில் மிச்சம் என்ன என்று நீங்களே கழித்துப் பாருங்கள். கிழக்கே கெம்னிட்ஸ், மாக்டெபுர்க் மாதிரி ஊர்களில் வாடகை ரொம்பக் குறைவு. ரேங்க்கிங்கை மட்டும் பார்த்து ஊரைத் தேர்ந்தெடுப்பவர்கள் இதைக் கவனிப்பதே இல்லை.

மார்க் கணக்கும் தலைகீழ்

ஜெர்மனியில் 1 தான் பெஸ்ட், 4 என்றால் ஜஸ்ட் பாஸ். நம் சிஜிபிஏ-வை அதற்கு மாற்ற ஒரு ஃபார்முலா உண்டு. அதிகபட்ச மதிப்பெண்ணிலிருந்து உங்கள் மதிப்பெண்ணைக் கழியுங்கள். அதிகபட்சத்துக்கும் பாஸ் மார்க்குக்கும் உள்ள வித்தியாசத்தால் வகுத்து, 3-ஆல் பெருக்கி, 1 கூட்டுங்கள். பாஸ் மார்க் 5 என்று வைத்தால் 8 சிஜிபிஏ 2.2 ஆகும், 7.5 என்பது 2.5. பல மாஸ்டர்ஸ் படிப்புகள் கோடு போடுவது இந்த 2.5-ல்தான். உங்கள் மதிப்பெண் எங்கே நிற்கிறது என்று பார்த்த பிறகு கன்சல்டன்சிக்குப் போனால் ஏமாறும் வாய்ப்பு குறைவு.

பிளஸ் 2 முடித்து நேராகப் போக நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நம் பிளஸ் 2 சான்றிதழ் மட்டும் அங்கே இளங்கலையில் சேரப் போதாது. ஜேஇஇ அட்வான்ஸ்டு தேர்ச்சி, அல்லது இங்கே கல்லூரியில் ஒரு வருஷம் வெற்றிகரமாக முடித்திருப்பது, அல்லது அங்கே ஸ்டூடியன்கோலெக் என்ற ஆயத்தப் படிப்பு... இப்படி ஏதாவது ஒன்று வேண்டும்.

எப்போது ஆரம்பிக்கணும்?

அக்டோபரில் தொடங்கும் செமஸ்டருக்கு, அதற்கு முந்தைய வருஷமே. ஏனென்றால் 2022 நவம்பர் முதல் இந்திய மாணவர்களுக்கு ஏபிஎஸ் சான்றிதழ் கட்டாயம். மார்க் ஷீட்டுகள் உண்மையானவைதானா என்று சரிபார்த்துத் தரும் இதற்குக் கட்டணம் 18,000 ரூபாய், கைக்கு வரச் சில வாரங்கள் ஆகும். பல்கலைக்கழகக் கெடு என்றால் ஜூலை 15 என்று பலர் நினைக்கிறார்கள். ஆஹன் நகரின் ஆர்டபிள்யூடிஹெச் பல்கலைக்கழகம், ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து விண்ணப்பிப்பவர்களுக்கு மார்ச் 1-லேயே கதவை மூடிவிடும். அட்மிஷன் வந்த அன்றைக்கே மாணவர் விடுதிக்கும் விண்ணப்பித்துவிடுங்கள், காத்திருப்போர் பட்டியல் நீளம்.

கன்சல்டன்சி "ஃப்ரீ சர்வீஸ்" என்றால்?

பணம் எங்கிருந்தோ வருகிறது என்று அர்த்தம். அரசுப் பல்கலைக்கழகங்கள் பொதுவாக ஏஜென்ட்டுகளுக்குக் கமிஷன் தருவதில்லை, தனியாருடையவை பல தருகின்றன. 7.8 சிஜிபிஏ வைத்திருக்கும் பிள்ளையிடம் "கவர்ன்மென்ட் யூனிவர்சிட்டி உனக்குக் கஷ்டம்" என்று யாராவது சொன்னால், மேலே சொன்ன ஃபார்முலாவை ஒருமுறை போட்டுப் பாருங்கள்.

கடனில் என்ன கவனிக்கணும்?

12 லட்சத்துக்கு 10 சதவீத வட்டி என்றால் மாதம் 10,000 ரூபாய். படிக்கும் காலத்தில் கட்ட வேண்டாம் என்பார்களே தவிர, வட்டி ஓடிக்கொண்டேதான் இருக்கும். வங்கிக் கல்விக் கடனாக வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பினால் 2025 ஏப்ரல் முதல் டிசிஎஸ் வரிப் பிடித்தம் கிடையாது. சொந்தப் பணம் என்றால் 10 லட்சத்துக்கு மேல் போகும் தொகைக்குப் பிடிப்பார்கள், பிறகு வருமான வரிக் கணக்கில் காட்டித் திரும்பப் பெறலாம். பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்கள் தமிழ்நாடு அரசின் அண்ணல் அம்பேத்கர் அயலக உயர்கல்வித் திட்டத்தையும், பட்டியல் சாதியினர் மத்திய அரசின் தேசிய அயல்நாட்டுக் கல்வி உதவித்தொகையையும் முதலில் பார்த்துவிட்டு வங்கிக்குப் போகலாம்.

விசா கிடைக்கலைன்னா?

பிளாக்டு அக்கவுண்ட் பணம் திரும்ப வரும். சேவைக் கட்டணமும், ரூபாயை யூரோவாக்கி மறுபடி ரூபாயாக்கும் நஷ்டமும், அதுவரை ஓடிய வட்டியும் போனதுதான். முன்பு விசா மறுத்தால் கட்டணமில்லாமல் மறுபரிசீலனை கேட்கலாம். அந்த வசதியை ஜெர்மனி 2025 ஜூலை 1 முதல் எடுத்துவிட்டது. இப்போது புதிதாகக் கட்டணம் கட்டி மறுபடி விண்ணப்பிக்கலாம், இல்லையென்றால் பெர்லின் நிர்வாக நீதிமன்றத்துக்குப் போக வேண்டும்.