பழைய கட்டடத்தில் எரிசக்தி சேமிப்பு: எந்த வேலை முதலில்?

பழைய கட்டடத்தைப் பசுமையாக்கணும்னா உடனே சோலார் பேனல், புது ஏசி என்று கொட்டேஷன் வாங்க ஓடுகிறார்கள். அவசரம் வேண்டாம். 1931-ல் திறக்கப்பட்ட நியூயார்க் எம்பயர் ஸ்டேட் பில்டிங்கைப் பாருங்க. 2009-ல் அறிவித்த திட்டத்தில் எரிசக்தியை 38% குறைக்க இலக்கு. 6,514 ஜன்னல்களைக் கழற்றி, அதே கட்டடத்தில் பட்டறை போட்டு, பழைய கண்ணாடிகளுக்கு நடுவே வெப்பம் தடுக்கும் படலம் வைத்து மாட்டினார்கள். ரேடியேட்டருக்குப் பின்னாலும் வெப்பத்தடுப்பு. உள்ளே வரும் வெப்பம் குறைந்ததால், புதிதாக சில்லர் வாங்கும் செலவே மிச்சமாச்சு, இருந்ததையே சீரமைத்தார்கள். ஏசியை முதலில் வாங்கியிருந்தால்? தேவைக்கு மேல் பெரிய இயந்திரம்தான் வந்து உட்கார்ந்திருக்கும். ஜன்னல்காரரும் ஏசிக்காரரும் தனித்தனியாக விலை சொல்லும் திட்டங்களில் பணம் ஓட்டையாவது இங்கேதான். இருவரையும் ஒரே கணக்கில் உட்கார வைப்பதே திட்ட மேலாளரின் முதல் வேலை.