மாத்திரை சாப்பிட்டும் இருமல் நிக்கலையா? டி.பி. போல ஏமாற்றும் 'பங்காளி' கிருமி!

சென்னை: ஆறு மாசம் டி.பி. மாத்திரை ஒழுங்கா சாப்பிட்டும் சிலருக்கு இருமல் நிற்பதில்லை. வந்தது டி.பி.யே இல்லாமலும் இருக்கலாம்.

மண்ணிலும் தண்ணீரிலும் வாழும் 'என்.டி.எம்.' கிருமிகள் டி.பி. கிருமிக்குப் பங்காளிகள். மைக்ராஸ்கோப்பில் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். குழப்பமே இங்கேதான்! பழைய டி.பி.யால் நுரையீரல் கெட்டவர்களை இது சுலபமாகப் பிடிக்கும்.

சளியில் கிருமி தெரிந்தும், 'சிபிநாட்' மரபணு சோதனையில் டி.பி. இல்லை என்று வந்தால் உஷார். தனித்தனியாக எடுத்த 2 சளியிலாவது கல்ச்சரில் அதே கிருமி வளர வேண்டும். ரிசல்ட்டுக்கு வாரக்கணக்கில் ஆகும்.

மருந்தும் வேறு. இந்த வகையில் அதிகம் காணப்படும் 'மேக்' கிருமிக்கு அசித்ரோமைசின் உள்பட 3 மருந்துகள். சளி சுத்தமான பிறகும் 12 மாசம் என்கிறது 2020-ல் வந்த சர்வதேச வழிகாட்டி.

அதற்காக மாத்திரையை நீங்களாக நிறுத்திடாதீங்க. "சளியை கல்ச்சருக்கு அனுப்பியாச்சா சார்?" என்று டாக்டரிடம் ஒரு வார்த்தை கேளுங்க!