காஞ்சிபுரத்துக்கு எத்தனை ஸ்பெல்லிங்? வெப்சைட் பெயரில் ஊரை நம்பினால் என்ன ஆகும்?

காஞ்சிபுரத்தில் தறியோ பட்டுக்கடையோ உள்ள வீட்டில் ஐ.டி. வேலைக்குப் போன பிள்ளை ஒன்று இருந்தால், ஏதாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை இந்தப் பேச்சு வந்தே தீரும். "எல்லாரும் ஆன்லைன்ல விக்கறாங்களாமே, நமக்கும் ஒரு வெப்சைட் போட்டுக் குடேன்ப்பா."

பிள்ளையும் லேப்டாப்பைத் திறந்து, டொமைன் விற்கும் தளத்தில் ஊர்ப் பெயரோடு 'சில்க்ஸ்' சேர்த்துத் தட்டும். ஏற்கெனவே போய்விட்டது என்று பதில் வரும். அடுத்து ஸ்பெல்லிங் விளையாட்டு தொடங்கும்.

விளையாட இடமும் நிறைய இருக்கிறது. ஆங்கிலத்தில் 'காஞ்சி'க்குப் பின்னால் ஒரு 'ஐ' போடுபவர்கள் உண்டு, இரண்டு 'இ' போடுபவர்களும் உண்டு. மாவட்ட நிர்வாகத்தின் தளம் இரண்டு 'இ' கட்சி. வெள்ளைக்காரர் காலத்து 'கான்ஜீவரம்' 'சி'யில் தொடங்கும். சேலை விற்பவர்கள் நடுவில் 'ஜே' போட்டு 'காஞ்சீவரம்' ஆக்கினார்கள். பிரகாஷ்ராஜ் நெசவாளியாக நடித்த 2008-ம் ஆண்டுப் படத்தின் பெயர் 'காஞ்சிவரம்'. ஆக, ஒரே ஊருக்கு ஆங்கிலத்தில் அரை டஜன் எழுத்துக்கூட்டல். அதில் எது காலியாக இருக்கிறதோ அதை வாங்கிவிட்டு, 'அப்பாடா, கிடைச்சிடுச்சு' என்று மூச்சு விடுகிறார்கள்.

ஆனால் கிடைத்தது என்ன? பக்கத்து ஸ்பெல்லிங் வேறொருவர் கையில் இருக்கும் ஒரு முகவரி. வாடிக்கையாளர் ஒரு எழுத்தை மாற்றித் தட்டினால் நேராக அடுத்த கடைக்குத்தான் போவார். சொந்தக் காசில் போட்டிக் கடைக்கு விளம்பரம் செய்வது போலத்தான் இது. புதிதாகத் தளம் தொடங்குபவர்கள் ஊர்ப் பெயரை டொமைனில் தேடுவதையே விட்டுவிடலாம். தாத்தா பெயரோ, வீட்டுப் பெயரோ, புதிதாக உருவாக்கிய ஒரு சொல்லோ, தங்களுக்கு மட்டுமே உரிய ஒன்றை வைப்பதே புத்திசாலித்தனம்.

உடனே வரும் எதிர்க்கேள்வி: "காஞ்சிபுரம்னு இருந்தாத்தானே கூகுள்ல மேல வரும்?" அது பழைய கதை. தேடும் சொல்லையே டொமைனாக வாங்கி வைத்திருந்த தரமில்லாத தளங்களை கூகுள் 2012-லேயே கீழே தள்ளத் தொடங்கிவிட்டது. ஊர்ப் பெயரைப் பக்கத்தின் தலைப்பிலும் சேலையைப் பற்றிய விவரத்திலும் எழுதினால் போதும்.

இரண்டாவது நம்பிக்கை இன்னும் ஆபத்தானது: 'நம்ம பட்டுக்குத்தான் புவிசார் குறியீடு இருக்கே, யாரும் பெயரைத் தொட முடியாது.' குறியீடு இருப்பது உண்மைதான். காஞ்சிபுரம் பட்டு 2005-06-ல் பதிவானது. அதை வழங்கும் பதிவகமும் தொலைவில் இல்லை, சென்னை கிண்டியில்தான் இருக்கிறது. பவர்லூமில் நெய்த சேலையை அந்தப் பெயரில் விற்றால் 1999-ம் ஆண்டுச் சட்டப்படி வழக்குப் போடலாம். ஆனால் டொமைன் விற்பவர் இதையெல்லாம் கேட்பதில்லை. முதலில் பணம் கட்டுபவருக்குப் பெயர். கோர்வை என்றால் என்னவென்றே தெரியாத ஒருவர்கூட எங்கோ உட்கார்ந்துகொண்டு 'காஞ்சிபுரம் கைத்தறிப் பட்டு' என்று ஒரு முகவரியை வாங்கிவிடலாம்.

பிறகு புகார் கொடுத்துப் பிடுங்கலாமே என்றால், அங்கேதான் சிக்கல். டாட் காம் தகராறுகளுக்கென 1999 முதல் இருக்கும் சர்வதேச நடைமுறையில், புகார் செய்பவர் கையில் வர்த்தக முத்திரை, அதாவது டிரேட்மார்க் இருக்க வேண்டும். புவிசார் குறியீடு மட்டும் போதாது. பிரான்ஸின் ஷாம்பெயின் உற்பத்தியாளர் அமைப்பே இதில் அடிபட்டது. 'ஷாம்பெயின் டாட் கோ' முகவரியைக் கேட்டு 2011-ல் உலக அறிவுசார் சொத்து அமைப்பிடம் போனவர்கள், வெறும் கையோடு திரும்பினார்கள். உலகிலேயே தன் பெயரை அவ்வளவு கறாராகக் காக்கும் அமைப்புக்கே அந்த நிலை.

ஊர்ப் பெயரின் கதையும் அதேதான். 'பார்சிலோனா டாட் காம்' தங்களுக்கு வேண்டும் என்று அந்த நகரத்தின் மாநகராட்சி புகார் செய்தது. முதல் சுற்றில் ஜெயித்தது. ஆனால் 2003-ல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம், வெறும் ஊர்ப் பெயருக்கு டிரேட்மார்க் உரிமை கிடையாது என்று அந்த முடிவைத் திருப்பிவிட்டது.

ஜெயித்தவர்கள் யார்? சென்னையைச் சேர்ந்த சத்யம் இன்ஃபோவே. தங்கள் பெயரின் எழுத்துகளைக் கோத்து 'சிஃபி' என்று ஒரு சொல்லை உருவாக்கி, 1999-ல் அதில் டொமைன்களைப் பதிந்தார்கள். பின்னால் வந்த ஒரு நிறுவனம் 'எஃப்' ஒன்றைக் கூடுதலாகப் போட்டு 'சிஃபிநெட்' என்று பதிந்தது. கர்நாடக உயர் நீதிமன்றத்தில் சத்யம் தோற்றது. ஆனால் 2004 மே 6 அன்று உச்ச நீதிமன்றம் சத்யம் பக்கம் தீர்ப்பளித்தது. டொமைன் பெயருக்கும் வர்த்தகப் பெயருக்கு உள்ள பாதுகாப்பு உண்டு என்று இந்தியாவில் நிலைநாட்டிய தீர்ப்பு அது. 'சிஃபி' அவர்களே உருவாக்கிய சொல் என்பது அந்த வழக்கில் பெரிய பலமாக இருந்தது. ஊர்ப் பெயருக்கு அந்தப் பலம் கிடையாது.

அதனால் டொமைன் வாங்கும்போதே அந்தச் சொல்லுக்கு டிரேட்மார்க் விண்ணப்பமும் போட்டுவிடுவது நல்லது. தனிநபருக்கும் சிறு தொழிலுக்கும் ஆன்லைனில் ஒரு பிரிவுக்கு 4,500 ரூபாய். ஒரு நல்ல கோர்வைச் சேலையின் விலையை நினைத்தால் இது பெரிய தொகை இல்லை. மாறாக, சர்வதேசப் புகார் ஒன்றுக்கு விசாரணைக் கட்டணம் மட்டுமே 1,500 டாலர்.

பெயரைவிட அதிகம் பேர் கோட்டை விடுவது இன்னொரு இடத்தில். டொமைன் யார் பெயரில் இருக்கிறது? தளம் செய்து கொடுத்த பையனே தன் மெயில் ஐடியில், தன் கணக்கில் பதிந்து வைத்திருப்பார். சண்டையெல்லாம் ஒன்றும் வேண்டாம், அவர் வேலை மாறி நம்பரை மாற்றினாலே போதும், கடை தெருவுக்கு வந்துவிடும். டொமைன் என்பது வாங்கும் பொருள் அல்ல, வருடக் கணக்கில் எடுக்கும் வாடகை. ரசீது யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான் குடித்தனக்காரர். பதிவுக் கணக்கு, மெயில், பாஸ்வேர்டு மூன்றும் கடைக்காரரிடமே இருக்க வேண்டும். வாங்கியதும் மெயிலை உறுதிசெய்யச் சொல்லி ஒரு லிங்க் வரும். அதை 15 நாளுக்குள் தட்டாவிட்டால் தளமே நின்றுபோகலாம். இதை ஸ்பேம் என்று நினைத்து அழித்தவர்கள் உண்டு.

ரெனியூவல் இன்னொரு தலைவலி. டாட் காம் காலாவதியானால் உடனே கைவிட்டுப் போகாது. பதிவு நிறுவனத்தைப் பொறுத்து 45 நாள் வரை அவகாசம் கிடைக்கலாம். பிறகு 30 நாள், அபராதத்தோடு மீட்கலாம். கடைசி 5 நாளில் எதுவும் செய்ய முடியாது, அதன்பின் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். மைக்ரோசாஃப்டே 1999 கிறிஸ்துமஸ் சமயத்தில் 'பாஸ்போர்ட் டாட் காம்' கட்டணத்தை மறந்து, ஹாட்மெயில் தடுமாறியது. ஒரு புரோகிராமர் தன் கார்டில் 35 டாலர் கட்டிக் காப்பாற்றினார். காந்தி ரோட்டுக் கடைக்கு அப்படி யாரும் கட்டமாட்டார்கள். ஒரே தடவையில் 10 வருடம் வரை கட்டும் வசதி இருக்கிறது.

டாட் காமா, டாட் இன்னா? காசு இருந்தால் இரண்டும். தமிழ் எழுத்திலேயே 'டாட் இந்தியா' முகவரியும் உண்டு. அதில் ஒரு 'ஐ'யா, இரண்டு 'இ'யா என்ற தொல்லையே இல்லை. ஆனால் தமிழ் எழுத்து மெயில் ஐடியைப் பல படிவங்கள் இன்னமும் ஏற்பதில்லை. எனவே இப்போதைக்கு அதைத் துணை முகவரியாக வைத்துக்கொள்ளலாம்.

இதில் அரசுக்கும் வேலை இருக்கிறது. காஞ்சிபுரம் பட்டின் புவிசார் குறியீடு தமிழக அரசின் கைத்தறித் துறை வாங்கியது. அதைப் பயன்படுத்த அனுமதி பெற்ற சங்கங்கள், நெசவாளர்கள் ஒவ்வொருவரின் இணைய முகவரியையும் சேர்த்து, அரசு டொமைனிலேயே ஒரு பட்டியலாகப் போட்டால் என்ன? அரசுக்கென ஒதுக்கிய அந்த டொமைனைத் தனியார் யாரும் வாங்க முடியாது. கல்யாணப் புடவையை சிங்கப்பூரிலிருந்து ஆர்டர் செய்பவர், பணம் கட்டுவதற்கு முன் அந்தப் பட்டியலில் கடையின் பெயர் இருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துக்கொள்வார்.