கீழடிக்குச் சொந்தக்காரர்கள் யார்?

மதுரைக்குத் தென்கிழக்கே சுமார் 12 கிலோமீட்டர் தூரத்தில், வைகைக் கரையோரம், சிவகங்கை மாவட்டத்தில் இருக்கிறது கீழடி. தென்னந்தோப்பும் வயலுமாகக் கிடந்த அந்த ஊரின் பெயர் இன்று மேடைதோறும் முழங்குகிறது. அதைச் சொன்னால் கைதட்டல் கிடைக்கிறது. நல்லதுதான். ஆனால் ஒரு கேள்வியை மட்டும் எந்த மேடையிலும் கேட்பதில்லை: கீழடி யாருக்குச் சொந்தம்?

நடந்ததைப் பார்ப்போம். 1970-களில் அங்கே கிணறு தோண்டியபோது பழம்பொருள்கள் வெளிப்பட்டன. ஊர்ப் பள்ளிக்கூட ஆசிரியர் ஒருவர் அதைக் கவனித்து அதிகாரிகளுக்குத் தெரிவித்தார். மண்ணை வெட்டியவன் கூலிக்காரன். மதிப்பை உணர்ந்தவர் கிராமத்து வாத்தியார். சர்க்கார் அங்கே வந்து சேரச் சுமார் 40 ஆண்டுகள் பிடித்தன! 2014-15-ல்தான் மத்தியத் தொல்லியல் துறை வேலையைத் தொடங்கியது. அமர்நாத் ராமகிருஷ்ணாவின் தலைமையில் 2 கட்டங்கள் நடந்தன. 2017-ல் அவரை அஸ்ஸாமுக்கு மாற்றினார்கள். 3-வது கட்டத்தோடு மத்தியத் துறை ஒதுங்கிக்கொண்டது. 2018 முதல் மாநிலத் தொல்லியல் துறை தொடர்ந்து தோண்டியது.

துறை தோண்டியது என்கிறோம். துறையா மண்வெட்டி பிடித்தது? சுற்றுக் கிராமங்களின் விவசாயத் தொழிலாளர்கள் பிடித்தார்கள். நாற்று நட்ட கைகளே குழிக்குள் இறங்கி, அங்குலம் அங்குலமாக மண்ணைச் சுரண்டி, கூடையில் அள்ளி, சலித்து, சில்லு உடையாமல் எடுத்துக் கொடுத்தன. ஆராய்ச்சியாளரின் அறிவுக்கு நாம் தலை வணங்குகிறோம். ஆனால் அந்தக் கைகள் இல்லாமல் கீழடி இல்லை என்பதை எவரால் மறுக்க முடியும்?

அப்படித் தோண்டியதில் கிடைத்தது என்ன? ராஜாவின் கிரீடமா? அரண்மனையா? இல்லை தோழர்களே! செங்கல் கட்டுமானங்கள், உறைகிணறுகள், பானைகள், ஆடு மாடுகளின் எலும்புகள், விளையாட்டுச் சில்லுகள், பகடைக் காய்கள். மில் தொழிலாளி கவனிக்க வேண்டியது இன்னொன்று: நூல் நூற்கும் சுடுமண் தக்களிகள், எலும்பில் செய்த கூர்முனைக் கருவிகள், தறியில் தொங்கவிடும் கற்கள், செம்பு ஊசி. இன்று ரிங் பிரேமில் சுழலும் கதிருக்கு முன்னோடி அந்தத் தக்களி. அதைச் சுழற்றிய விரல்கள் உன் வர்க்கத்தின் விரல்கள்.

இன்னும் கேளுங்கள். பானை ஓடுகளில் எழுத்துக் கீறியிருக்கிறார்கள். ஆதன், குவிரன் என்ற பெயர்கள் இருக்கின்றன. மாநிலத் துறை 4-வது கட்டத்தில் மட்டும் எழுத்துள்ள 56 ஓடுகளைக் கண்டெடுத்தது. 353 சென்டிமீட்டர் ஆழத்தில் எடுத்த கரித்துண்டை அமெரிக்காவில் பரிசோதித்ததில், அது கி.மு. 580 வாக்கிலானது என்று தெரிந்ததாக 2019-ல் துறை அறிவித்தது. சோறு ஆக்கும் பானையிலும் எழுத்து இருந்த ஊர் அது. எழுத்து மேல்தட்டுக்காரர்களின் ஏகபோகம், உழைப்பவனுக்கு எதற்குப் படிப்பு என்று பேசிய வாய்களுக்கு அந்த ஓட்டுச் சில்லுகளே பதில்!

இத்தகைய செல்வத்தை என்ன செய்யப் பார்த்தார்கள்? முதலில் கிடைத்த பொருள்களை மைசூருக்குக் கொண்டுபோகத் திட்டமிட்டார்கள். மக்கள் குரல் எழுப்பினார்கள், மதுரை உயர் நீதிமன்றக் கிளையில் வழக்கு வந்தது, திட்டம் நின்றது. அடுத்து அறிக்கை. முதல் 2 கட்டங்களின் அறிக்கையை, 982 பக்கங்கள், 2023 ஜனவரியில் அமர்நாத் ராமகிருஷ்ணா கொடுத்தார். 2025 மே மாதம் திருத்தம் கேட்டுத் திருப்பி அனுப்பினார்கள். அவர் மறுத்தார். அடுத்த மாதமே மறுபடி இடமாற்றம்! வாக்கியத்தைத் திருத்தலாம், மண்ணுக்குள் கிடந்த கரியின் வயதை டில்லி உத்தரவால் திருத்த முடியுமா?

மாநில சர்க்கார் 2023 மார்ச் 5-ல் கீழடியிலேயே அருங்காட்சியகம் திறந்தது. மண்ணின் பொருள் அந்த மண்ணிலேயே நிற்பதை வரவேற்கிறோம். ஆனால் கட்டடம் எழுப்பியதோடு கடமை தீர்ந்துவிடவில்லை. காரில் வருகிறவர்கள் பார்த்துப் போவதற்கு மட்டும் கண்ணாடிப் பெட்டி என்றால், மைசூரும் கீழடியும் நமக்கு ஒரே தூரம்தான். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு எந்தத் தாய் தன் பிள்ளைகளை அழைத்து வருவாள்?

ஆகவே நமது கோரிக்கைகள் இவை. குழியில் இறங்கி உழைத்தவர்களின் பெயர்களை அருங்காட்சியகச் சுவரில் எழுத வேண்டும். விவசாயத் தொழிலாளர்களையும் ஆலைத் தொழிலாளர்களையும் அவர்களுடைய குழந்தைகளையும் கட்டணமின்றி அனுமதிக்க வேண்டும். வேலை முடிந்த மாலை நேரத்திலும் பார்க்க வகை செய்ய வேண்டும். வழிகாட்டும் வேலையை உள்ளூர் இளைஞர்களுக்கும் பெண்களுக்கும் கொடுக்க வேண்டும். அறிக்கை எதுவானாலும் அதன் சாரத்தை எளிய தமிழில் அச்சிட்டு, கிராமச் சாவடியில் படித்துக் காட்ட வேண்டும். நிலம் கொடுத்த குடும்பங்களுக்கும், தோண்டிய குடும்பங்களுக்கும் இதனால் வரும் பிழைப்பில் முதல் பங்கு வேண்டும்.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். பழம்பெருமை பேசி இன்றைய பசியை மறைக்க நினைப்பவர்களும் உண்டு. கீழடியைத் தங்கள் ஜாதியின் சொத்தாக்கப் பார்ப்பவர்களும் உண்டு. இருவருக்கும் இடம் கொடாதீர்கள். பானை வனைந்தவன், நூல் நூற்றவள், கிணறு வெட்டியவன் ஆகியோரின் கதையே கீழடி. அதைப் படிப்பது, உழைப்பு ஊரைப் படைத்தது என்று அறிவதற்காக.

தோழர்களே! உங்கள் ஊரில் கிணறோ வாய்க்காலோ வெட்டும்போது பழைய ஓடு, காசு, தாழி, நடுகல் தென்பட்டால் உடைக்காதீர்கள்; வியாபாரியிடம் விற்காதீர்கள். கிடைத்த இடத்தைக் கலைக்காமல் தாசில்தாருக்கு எழுதிக் கொடுங்கள். சங்கக் கூட்டத்தில் சொல்லுங்கள். அடுத்த முறை மதுரை போனால், சங்கத்தின் பெயரால் கூட்டமாகக் கீழடிக்குப் போங்கள். தக்களியின் முன்னால் உங்கள் பிள்ளையை நிறுத்தி, இது நம் முன்னோர் செய்த வேலை என்று சொல்லுங்கள்.

தோண்டியவனே சொந்தக்காரன். அவன் வாசலில் நிற்பவனல்ல, வீட்டுக்காரன்!