உடல்நலம் அறிவோம்: பனடோலும் சிஸ்டீனும்

சென்ற இதழில் இரும்புச் சத்தைப் பற்றி எழுதியிருந்தோம். இம்முறை சிஸ்டீன் என்னும் சத்தைப் பற்றி எழுதுகிறோம். உங்களில் பலருக்குப் புதிய பெயராக இருக்கலாம். எங்கள் வீட்டில் ஒருவருடைய உயிரோடு சம்பந்தப்பட்டதால் எங்களுக்கு மறக்க முடியாத பெயர் அது. நாங்கள் வைத்தியர்கள் அல்லர். சாதாரண தரத்தோடு படிப்பை நிறுத்தி, இன்று இங்கிலாந்தில் தொழிற்சாலை வேலை செய்பவர்கள். வைத்தியசாலையில் கேட்டறிந்ததையும் பின்னர் நூல்நிலையத்தில் தேடிப் படித்ததையும் எழுதுகிறோம்.

எங்களோடு ஒரே வீட்டில் இருக்கும் அண்ணை ஒருவருக்குப் பல்லுக்கொதி. இரவு வேலை என்பதால் பல் வைத்தியரிடம் போவதை நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிப் போட்டார். கொதி எழும்பும் போதெல்லாம் இரண்டு பனடோல் விழுங்கினார். இடையில் தடிமனும் பிடித்துக்கொண்டது. கடையில் விற்கும் தடிமன் தூளைச் சுடுநீரில் கரைத்து நாளுக்கு நாலைந்து தரம் குடித்தார். பல் நோவால் சாப்பாடும் இல்லை. மூன்றாம் நாள் சத்தி எடுக்கத் தொடங்கினார்.

"அண்ணை, எத்தனை குளிசை போட்டனீங்கள்?" என்று கேட்டோம்.

"இரண்டு இரண்டாத்தான் போட்டனான் தம்பி. பனடோல்தானே, அது என்ன செய்யப் போகுது?"

தூள் பெட்டியைத் திருப்பி எழுத்துக்கூட்டி வாசித்தபோதுதான் எங்களுக்கு வியர்த்தது. அதற்குள்ளும் இருந்தது பரசிற்றமோல்! பனடோல் என்பது கம்பனி வைத்த பெயர். மருந்தின் பெயர் பரசிற்றமோல். கனடாவில் இதையே அசற்றமினோபென் என்பார்கள். அங்கே ரைலனோல் என்று விற்பதும் இதுதான். அண்ணை ஒரே மருந்தை இரண்டு பெயரில் எடுத்திருக்கிறார்.

வைத்தியசாலைக்கு வர அவர் மறுத்தார். காசு கேட்பார்கள், சம்பளமும் வெட்டுப்படும் என்ற பயம். வற்புறுத்திக் கூட்டிப் போனோம். இரத்தம் சோதித்துவிட்டு, கை நரம்பு வழியாக ஒரு மருந்தை ஏற்றத் தொடங்கினார்கள். அதன் பெயர் அசற்றைல்சிஸ்டீன். கூழ்முட்டை போன்ற ஒரு மணம் அந்த மருந்துக்கு உண்டு. அது கந்தகத்தின் மணம்.

சிஸ்டீன் என்பது என்ன? நமது உடலில் உள்ள புரதங்கள் 20 வகை அமினோ அமிலங்களால் கட்டப்பட்டவை. அவற்றுள் கந்தகம் உள்ளவற்றில் ஒன்று சிஸ்டீன். பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு சிஸ்டீன்களின் கந்தகங்கள் கொளுக்கி போல ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். தலைமயிருக்கும் நகத்துக்கும் உறுதி தருவது இந்தப் பிடிதான். மயிர் கருகும்போது வரும் நாற்றத்துக்கும் இந்தக் கந்தகம்தான் காரணம். முட்டை, மீன், கோழி, பால், பருப்பு ஆகியவற்றிலிருந்து சிஸ்டீன் கிடைக்கிறது. மெதியோனின் என்ற வேறொரு அமினோ அமிலத்திலிருந்தும் உடல் இதைச் செய்துகொள்கிறது.

மயிருக்கும் நகத்துக்கும் மட்டும் உரியதல்ல சிஸ்டீன். இதையும் குளுட்டாமிக் அமிலம், கிளைசீன் என்னும் வேறு இரண்டையும் சேர்த்து ஈரல் குளுற்றாதயோன் என்ற பொருளைச் செய்கிறது. நாம் விழுங்கும் பரசிற்றமோலில் பெரும்பகுதி தீங்கின்றிச் சிறுநீரோடு போய்விடும். ஒரு சிறு பகுதி மட்டும் ஈரலில் நஞ்சாக மாறும். குளுற்றாதயோன் அந்த நஞ்சைப் பிடித்துக் கட்டி வெளியே அனுப்பிவிடும்.

எங்கள் தொழிற்சாலையில் பெல்ற்றில் வரும் சாமான்களைப் பெட்டியில் அடுக்குவோம். பெட்டி முடிந்துவிட்டால் சாமான் நிலத்தில் கொட்டுண்ணும். ஈரலிலும் அதுதான் நடக்கிறது. குளிசை கூடினால் நஞ்சு கூடும், குளுற்றாதயோன் முடிந்துவிடும். மிஞ்சிய நஞ்சு ஈரலையே தாக்கும். சாப்பாடு இல்லாதவரிடம் அந்தப் பெட்டிகள் முதலே குறைவாக இருக்கும். அசற்றைல்சிஸ்டீன் உடலுக்குள் சிஸ்டீனாக மாறி, புதுப் பெட்டி செய்ய மட்டை கொடுக்கிறது.

அளவு மீறிய பரசிற்றமோல் ஈரலை அழிக்கும் என்பது பிரித்தானிய மருத்துவ ஏட்டில் 1966இல் வெளிவந்தது. 1970களில் எடின்பரோவில் பிரெஸ்கொற் என்ற வைத்தியரும் அவரது குழுவினரும் அசற்றைல்சிஸ்டீனை ஏற்றிப் பலரைக் காப்பாற்றினர். ஒரே தரத்தில் அளவு மீறி எடுத்தவருக்கு 8 மணித்தியாலத்துக்குள் இதைக் கொடுத்தால் ஈரல் ஏறக்குறைய முழுமையாகத் தப்பும். பிந்தினாலும் பயன் உண்டு. ஆனால் முதல் நாளில் ஒன்றுமே தெரியாமலும் இருக்கலாம். வலது விலாவின் கீழ் நோவும் கண்ணில் மஞ்சளும் தெரிய இரண்டு மூன்று நாட்கள் ஆகும். ஆகவே வருத்தம் தெரியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

பரசிற்றமோல் கெட்ட மருந்தல்ல. அளவோடு எடுத்தால் நல்ல மருந்து. வளர்ந்தவர்களுக்கு 500 மில்லிகிராம் குளிசை ஒரு தரத்துக்கு ஒன்று அல்லது இரண்டு. இடையில் 4 மணித்தியாலமாவது விட வேண்டும். ஒரு நாளில் 8க்கு மேல் கூடாது. 50 கிலோவுக்குக் குறைந்தவர்களும் ஈரல் நோய் உள்ளவர்களும் மதுபானம் அதிகம் எடுப்பவர்களும் வைத்தியரைக் கேட்டே எடுக்க வேண்டும். பிள்ளைகளுக்குப் போத்தலில் எழுதிய வயதுக் கணக்குப்படி, அதோடு வரும் கரண்டியாலேயே கொடுங்கள். முட்டை சாப்பிட்டோம், சிஸ்டீன் இருக்கிறது என்று இரண்டு குளிசை கூடப் போட்டுவிடாதீர்கள்!

அளவு கூடிவிட்டதாகச் சந்தேகம் வந்தால் உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். குளிசைப் பெட்டிகளையும் கொண்டு போங்கள். எத்தனை என்பதை ஒளிக்காமல் சொல்லுங்கள். இங்கிலாந்தில் அந்தப் பிரிவில் சிகிச்சை பெற யாரும் காசு கட்ட வேண்டியதில்லை. அங்கிருந்து வாட்டில் மறித்தாலும் அகதிகளுக்கும் தஞ்ச வழக்கு நடப்பவர்களுக்கும் கட்டணம் இல்லை. ஆங்கிலம் வராவிட்டால் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள்.

அண்ணை சுகமாக வீடு திரும்பினார். பல்லையும் பிடுங்கிவிட்டார். இப்போது எந்தப் பெட்டியைக் கண்டாலும் திருப்பிப் பார்த்து, "தம்பி, இதுக்குள்ளையும் அது கிடக்கோ?" என்று கேட்கிறார். நீங்களும் இன்றே உங்கள் வீட்டு மருந்துப் பெட்டிகளை ஒருமுறை திருப்பிப் பாருங்கள்.

அடுத்த இதழில் சந்திப்போம்.